குழாய் டாக்டரும் மஞ்சள் டேப்பும்

பஸ்ஸில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒரு கையால் கழுத்தை மூடிக்கொண்டு கேட்டேவிட்டாள்.

"என்னங்க, ஏறினதுலேர்ந்து என் சங்கிலியவே பாத்துட்டிருக்கீங்க?"

"சங்கிலி இல்லம்மா. அதுக்குப் பக்கத்துல ஒரு நரம்பு துடிக்குது, அதத்தான் பாக்குறேன். மாடி ஏறினா மூச்சு வாங்குதா?"

அம்மாள் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டாள். அவள் இறங்கி, ரோட்டைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் நடந்த வேகத்தைக் கவனித்த குழாய் டாக்டர், நுரையீரலில் ஒரு குறையும் இல்லை என்று மனசுக்குள் குறித்துக்கொண்டு நிம்மதியாக ஜன்னல் பக்கம் திரும்பினார்.

முப்பத்தோரு வருஷமாக இதே கதைதான். மற்றவர்கள் முகம் பார்த்துப் பேசுவார்கள். இவர் கழுத்தைப் பார்த்துப் பேசுவார். கழுத்து நரம்பு புடைத்திருந்தால் இதயத்தின் வலப்பக்கம் திணறுகிறது என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் அவருக்குக் குழாய் டாக்டர் என்று பெயர் வைத்தது யார் என்பதற்கு நாலு பேர் உரிமை கொண்டாடுகிறார்கள். கழுத்து நரம்பு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, இதயத்துக்குள் புகுந்து, நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாயின் வாசலில் நிறுத்தி, அங்கே அழுத்தம் எவ்வளவு என்று அளப்பது அவர் தொழில். பெயர் பொருத்தம்தான். அவரும் கோபித்துக்கொண்டதில்லை.

ஆசைப்பட்டு வந்த தொழில் என்று சொன்னால் அது பொய். ஆராய்ச்சிக்கு வந்தபோது அவர் கேட்டது இதயப் பிரிவு. அங்கே நாற்காலி காலியில்லை. கட்டடம் முழுக்கக் காலியாக இருந்த ஒரே நாற்காலி நுரையீரல் பிரிவில் கிடந்தது, அதற்கும் ஒரு கால் ஆடும். ஆடிய காலுக்கடியில் யாருடைய மருந்துச் சீட்டையோ நாலாக மடித்துச் செருகிவிட்டு உட்கார்ந்தவர்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

உட்கார்ந்த பிறகுதான் ஒரு விஷயம் புரிந்தது. இதயத்துக்கு இரண்டு பக்கம். இடப்பக்கம் வீட்டு மாப்பிள்ளை மாதிரி: உடம்பு முழுக்க ரத்தம் அனுப்புகிறேன் என்று பேரும் புகழும் அதற்குத்தான். வலப்பக்கம் மூத்த மருமகள். பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு ரத்தத்தைத் தள்ளிவிட்டுச் சத்தமில்லாமல் கிடக்கும். நுரையீரல் குழாய்கள் இறுகிப்போனால் மருமகள் முக்கி முக்கித் தள்ளுவாள், பேச மாட்டாள். ஒருநாள் உட்கார்ந்துவிடுவாள். அப்போதுதான் வீடு கூடும். அதுவரைக்கும் கையில் பட்டை கட்டிப் பார்த்து, "பிரஷர் நார்மல்" என்று அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். கைப் பிரஷர் மாப்பிள்ளையின் பிரஷர். மருமகளை யார் கேட்டார்கள்?

குழாய் டாக்டர் கேட்டார். முதல் பத்து வருஷம் அவர் செய்த வேலை அதுதான். தன்னிடம் வந்து சேர்ந்த ஒவ்வொரு நோயாளியிடமும், இங்கே வருவதற்கு முன்னால் உங்களுக்கு என்ன சொன்னார்கள் என்று கேட்டு நோட்டில் எழுதினார். சோம்பல். உடம்பு பெருத்துவிட்டது. வயசாகிறது. வயசு போதவில்லை. மனசு சரியில்லை. கல்யாணமானால் சரியாகிவிடும். அந்த ஆளை விட்டு விலகினால் சரியாகிவிடும். இப்படிச் சராசரியாக மூன்று வருஷம் கேட்ட பிறகே குழாயைப் பார்த்திருந்தார்கள். அந்த நோட்டு கட்டுரையாக வந்தது, வகுப்பிலும் அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். "மூச்சு வாங்குதுன்னு ஒருத்தர் சொன்னா, மூச்சு வாங்குது. அவ்வளவுதான். மீதியக் கண்டுபிடிக்கத்தான் நமக்குச் சம்பளம்" என்று அவர் சொல்லாத வகுப்பே கிடையாது.

அவருடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். பொருத்தம் பார்த்துச் செய்த கல்யாணமா என்று கேட்காதவர்கள் குறைவு. "நான் என் வேலைய ஒழுங்கா செஞ்சா இவளுக்கு ஆளே வராது" என்பார் அவர். "லிஃப்ட் நின்னாத்தான் யாருக்கு மூச்சு வாங்குதுன்னே தெரியும்." ஒரு குடியிருப்பில் லிஃப்ட் ரிப்பேரான வாரத்தில் மூன்றாம் மாடிக்காரர் ஒருவரை அவரே கையோடு கூட்டிவந்து மனைவியிடம் ஒப்படைத்ததும் உண்டு.

அளக்கிற அறைக்குள் டாக்டர் வேறு ஆள். அங்கே சிரிப்பு கிடையாது. "குத்துறதுல பாசம் காட்டலாம், அளக்குறதுல காட்டக் கூடாது" என்பார். அவருடன் இருபத்திரண்டு வருஷமாக நிற்கும் டெக்னீஷியனை, அவர் ஐம்பதைத் தொடப்போகிறார் என்பதைப் பொருட்படுத்தாமல், இன்னும் தம்பி என்றே கூப்பிடுவார்.

இந்த இடத்தில் ஒரு சின்னச் சங்கதி. குழாயின் வெளிமுனை கட்டில் பக்கத்துக் கம்பத்தில் மாட்டிய சென்சாரில் போய்ச் சேரும். சென்சார் நோயாளியின் இதயத்துக்கு நேர் மட்டத்தில் இருக்க வேண்டும். நம் வீட்டு மாடித் தொட்டிக் கணக்குதான்: தொட்டியைவிடக் கீழே இறங்க இறங்கக் குழாயில் வேகம் கூடும். சென்சார் இதயத்தைவிடத் தாழ்ந்திருந்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். உயர்ந்திருந்தால் குறைத்துக் காட்டும். அதனால் ஒவ்வொரு நோயாளிக்கும் நடு மார்பின் உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்து, அதற்கு நேராகச் சென்சாரை மாட்டுவதுதான் முறை.

டாக்டரும் அப்படித்தான் ஆரம்பித்தார். ஐந்நூறு பேருக்கு அளந்த பிறகு, குண்டோ ஒல்லியோ, வித்தியாசம் ஒரு விரற்கடைக்கு மேல் போவதில்லை என்று கண்டார். கட்டிலோ இரும்பு, தரையோடு போல்ட் போட்டு முடுக்கியது. ஒருநாள் கம்பத்தில் மஞ்சள் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி, "தம்பி, இனிமே இந்தக் கோட்டுலயே மாட்டுங்க" என்றார். ஸ்கேல் மேஜை டிராயருக்குள் போயிற்று. பன்னிரண்டு வருஷம் அந்த டேப்பை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடிக்கடி பார்க்கும் பொருளை யார் பார்க்கிறார்கள்?

இனி மாத்திரை. வேறொரு நோய்க்குக் காலங்காலமாகக் கொடுத்துவரும் சாதாரண மாத்திரை ஒன்று இறுகிய நுரையீரல் குழாய்களைத் தளர்த்தலாம் என்று டாக்டருக்குச் சந்தேகம். முப்பத்தாறு நோயாளிகள். முதலில் ஓர் அளவு, ஆறு மாதம் மாத்திரை, பிறகு ஓர் அளவு. மாத்திரை இல்லாத ஒரு குழுவையும் கூடவே வைத்து ஒப்பிட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, "முதல்ல ஆசை காட்டுவோம், அப்புறம் ஆதாரம் காட்டுவோம்" என்றார் பிரிவுத் தலைவர். தலைவருக்கு இதுபோல் வாக்கியங்கள் தானாக வரும்.

முடிவு வந்தது. சராசரியாக ஆறு புள்ளி குறைவு! தலைவர் மாநாட்டில் பெரிய அரங்கத்தையே பிடித்துவிட்டார். பலகை அச்சாகி, மாத்திரையின் படத்தைத் தலைவரின் படத்தைவிடச் சின்னதாகப் போட்டு, வாசலில் சாய்த்தும் வைத்தாயிற்று.

டாக்டர் மனசில் மட்டும் செருப்புக்குள் சிறு கல் மாதிரி ஒன்று. அழுத்தம் குறைந்தவர்கள் நடையில் தேறவில்லை. வராந்தாவில் ஆறு நிமிஷம் நடக்க விட்டு மீட்டர் கணக்குப் பார்ப்பார்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் நடந்த அதே தூரம்தான் எல்லாரும் நடந்தார்கள். "பழக்கம் விட்டுப்போச்சு, கால் ஒத்துழைக்கல" என்றார் தலைவர். முப்பது வருஷ ஆசை கண் முன்னால் பழுத்துத் தொங்கும்போது யாருக்கும் காலைக் குற்றம் சொல்லத் தோன்றும். டாக்டரும் சரி என்றார்.

மாநாட்டுக்குப் பத்து நாள் இருக்கையில் தபால்கார அம்மா வந்தாள். ஆராய்ச்சியில் முதலில் சேர்ந்தவள் அவள்தான். நாற்பத்தைந்து வயசு, முதல் அளவில் நாற்பத்தொன்பது இருந்த அழுத்தம் இரண்டாம் அளவில் நாற்பத்துமூன்று. வாசற்படியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

"டாக்டரம்மா, நீங்க குடுத்த லெட்டரால வந்த வினை."

"என்ன லெட்டர்?"

"அழுத்தம் குறைஞ்சிருக்குன்னு எழுதிக் குடுத்தீங்கள்ல? ஆபீஸ்ல பாத்தாங்க. குணமாயிடுச்சே, எதுக்கு உக்காந்த வேலைன்னு திங்கக்கிழமைலேர்ந்து மறுபடி பைய மாட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க. எல்லாம் நாலு மாடி வீடு."

"இப்பல்லாம் யாரு லெட்டர் எழுதுறா?"

"லெட்டர் எங்க வருது? எல்லாம் நோட்டீஸ்தான். லெட்டர்னா ஜனங்க கீழ எறங்கி வருவாங்க. நோட்டீசுக்கு யாரு வருவா? நாமதான் மேல ஏறிக் குடுக்கணும்." சொல்லிவிட்டு மூச்சுக்கு நிறுத்தினாள். "நேத்து சும்மா ஏறிப் பாத்தேன். ரெண்டாவது மாடியில கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். உங்க பேப்பர்ல குறைஞ்சிருக்கு. எனக்குக் குறையல. அப்ப நான்தான் சோம்பேறியா?"

டாக்டர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். நோட்டில் எழுதிவைத்த முதல் சொல் அது என்பது ஞாபகம் வந்து, மூடிக்கொண்டார்.

"படுங்க, பாப்போம்" என்றார்.

தபால்கார அம்மா கட்டிலில் சுலபமாக உட்கார்ந்து காலை மேலே தூக்கிக்கொண்டாள். "இது ஒண்ணுதான் தேவல. மொத தடவ வந்தப்ப ஏறுறதுக்கு ஸ்டூல் போட்டீங்க. அடுத்த தடவ ஸ்டூல் இல்லாமயே ஏறிட்டேன். மாத்திரையில நான் வளந்துட்டேனோன்னுகூட நெனச்சேன்."

டாக்டர் குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தார்.

"தம்பி," என்றார் டாக்டர், குரலை உயர்த்தாமல், "ஸ்டூல் எங்க?"

"அது இப்ப தேவப்படலயே மேடம். மெத்த மாத்தினோம்ல. பழசு கிழிஞ்சு போச்சு, புதுசு கொஞ்சம் மெலிசு."

"எப்ப மாத்துனீங்க?"

"போன வருஷம் நடுவுல. மொத அளவு கிட்டத்தட்ட எல்லாருக்கும் முடிஞ்ச கையோட…" சொல்லிக்கொண்டே வந்த டெக்னீஷியன் பாதியில் நின்றார். அவர் கண் மஞ்சள் டேப்புக்குப் போயிற்று. இருபத்திரண்டு வருஷம் ஒரே அறையில் நின்றவர்களுக்கு மீதி வாக்கியம் தேவையில்லை.

டிராயரிலிருந்து ஸ்கேல் வந்தது. படுத்திருந்தவளின் நடு மார்பு டேப்புக்கு எட்டு சென்டிமீட்டர் கீழே.

"பழைய மெத்தைய என்ன பண்ணீங்க?"

"ஸ்டோர்ல…" டெக்னீஷியன் நெளிந்தார். "மத்தியானத்துல பத்து நிமிஷம்… முதுகுக்கு…"

"நல்லதாப் போச்சு. கொண்டாங்க."

வராந்தாவில் நடைப் பரிசோதனைக்காக உட்கார்ந்திருந்தவர்கள் வேடிக்கை பார்க்க, டெக்னீஷியன் தன் மதிய உறக்கத்தைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். ஸ்டூலும் வந்தது. தபால்கார அம்மா ஏறிப் படுத்தாள். ஸ்கேல் வைத்தார்கள். நடு மார்பு டேப்புக்கு நேர் எதிரே நின்றது, கோடு போட்ட மாதிரி.

எட்டு சென்டிமீட்டருக்குக் கணக்குப் போட்டால் ஆறு புள்ளி. மாத்திரை குறைத்ததாகச் சொன்னதும் ஆறு புள்ளி. அதாவது, ஆறு மாதம் முப்பத்தாறு பேர் மாத்திரை விழுங்கினார்கள். வேலை செய்தது மெத்தை.

டாக்டர் கோப்பை எடுத்தார். கடைசியாகச் சேர்ந்த ஐந்து பேரைத் தேடினார். 'மருந்துக்கு அசையாதவர்கள்' என்று தன் கையாலேயே எழுதி, சராசரியில் சேர்க்காமல் ஓரங்கட்டிய ஐந்து பேர். முதல் அளவும் இரண்டாம் அளவும் அவர்களுக்குப் புது மெத்தையிலேயே எடுத்தது. குறைவு, பூஜ்யம். அந்த ஐந்து பேரும் ஆரம்பத்திலிருந்தே உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பிடிவாதக்காரர்கள் வரிசையில் உட்கார வைத்தது அவர்தான்.

"என்னம்மா ஆச்சு?" என்றாள் கட்டிலில் படுத்திருந்தவள்.

"நீங்க சோம்பேறி இல்ல. நான்தான்" என்றார் டாக்டர். "பன்னெண்டு வருஷமா ஸ்கேல் எடுக்கல."

மற்ற எதற்கும் முன்னால் கடிதம். 'முன்பு கொடுத்த அளவு எங்கள் பிழை. இவருக்கு நோய் குறையவில்லை. மாடி ஏறும் வேலை கூடாது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, தபாலில் அனுப்ப உறையை எடுத்தார். "அத என்கிட்டயே குடுங்க," என்றாள் அவள், "போய்ச் சேரும்ங்கற உத்தரவாதம் எனக்குத் தெரியும்."

பிறகு தலைவர் அறை. தலைவர் முழுக்கக் கேட்டார். முகம் மெல்ல மெல்லப் பழைய மெத்தையின் வெளிறிய நிறத்துக்கு வந்தது.

"அரங்கம் பேசியாச்சு."

"தெரியும் சார்."

"பத்திரிகைக்காரங்க வராங்க."

"வரட்டும் சார், நாற்காலி இருக்கு."

"ஒண்ணு பண்ணலாமே," தலைவர் பேனாவைத் திறந்து மூடினார். "ஒரு அடிக்குறிப்பாப் போட்டுடலாம். மெத்தை மாற்றப்பட்டதுன்னு. சின்ன எழுத்துல."

"சார், மெத்தைதான் மருந்து. மாத்திரைதான் அடிக்குறிப்பு."

"மானம் போயிடும்மா."

"யாரு மானம்?"

"எல்லாரோடதும்."

"எல்லாரோடதும்னா ஆளுக்குக் கொஞ்சந்தான் வரும். பெரிய பங்கு எனக்கு. டேப் நான் ஒட்டினது."

இவ்வளவும் சொல்லிவிட்டுத் தைரியமாக வெளியே வந்தவர், வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டு மேஜையில் கணவர் எதிரே உட்கார்ந்ததும் கொஞ்சம் இறங்கிப்போனார். தட்டில் கோடு கிழித்துக்கொண்டே முழுக்கதையும் சொன்னார். கணவர் மென்றுகொண்டே கேட்டார்.

"ஒரு கேள்வி கேக்கலாமா டாக்டரே?"

"கேளுங்க."

"லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலயும் தரைக்கு நேரா நிக்குதான்னு நாங்க மாசாமாசம் லெவல் பாப்போம். ஒரு விரக்கட ஏறி நின்னா வர்ற போற ஆளு தடுக்கி விழுவான். நீ ஒரு தடவ பாத்து டேப் ஒட்டிட்டு பன்னெண்டு வருஷம் போயிட்டியா?"

"போதும். குத்திக் காட்டாதீங்க."

"குத்திக் காட்டல. எங்க கம்பெனியில எனக்கு மேல படிச்சவன் யாரும் இல்ல, அதனால தெனமும் சந்தேகப்பட்டுக்கிட்டே இருக்கேன். உங்க ரூம்ல உன்ன விடப் படிச்சவங்க யாரும் இல்ல, அதனால யாரும் சந்தேகப்படல." தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் தள்ளினார். "சரி, இப்ப எத்தன ஆஸ்பத்திரியில டேப் ஒட்டிருப்பாங்க?"

டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் நிறுத்தினார். கண்ணில் பழைய வெளிச்சம் வந்தது. பஸ்ஸில் அடுத்தவர் கழுத்தைப் பார்க்கும்போது வருகிற அதே வெளிச்சம்.

மறுநாள் காலையிலிருந்து போன் மேல் போன். இதே அளவை எடுக்கும் ஒன்பது இடங்களில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். நலம் விசாரிப்பு கிடையாது, எடுத்த எடுப்பில், "உங்க கம்பத்துல டேப் இருக்கா?" என்றார். நாலு இடத்தில் இருந்தது. ஓர் இடத்தில் டேப் இல்லை, பேனாக் கோடு. இன்னோர் இடத்தில், "நாங்க கண்ணாலயே பாத்துடுவோம் மேடம், அனுபவம்" என்றார்கள். அதைத் தனிப் பத்தியில் எழுதிக்கொண்டார்.

மாநாட்டு நாளில் அரங்கம் நிரம்பியிருந்தது. தலைவர் வயிற்று வலி என்று வரவில்லை. வாசல் பலகையில் அவர் படம் மட்டும் வந்திருந்தது. டாக்டர் மேடையேறி முதல் படத்தைப் போட்டார். மாத்திரையைக் காணோம். திரை முழுக்க ஒரு பழைய மெத்தை, ஓரம் கிழிந்து, நடுவில் ஒரு மனிதன் மதியங்களில் படுத்த பள்ளத்தோடு.

"இந்த வருஷம் நாங்க கண்டுபிடிச்ச மருந்து இது" என்றார். "உயரம் எட்டு சென்டிமீட்டர் குறைச்சல். பக்க விளைவு, ஒரு தபால்காரம்மாவ மாடி ஏற விட்டது."

முதலில் சிரிப்பு. பிறகு டேப், ஸ்கேல், ஐந்து பிடிவாதக்காரர்கள், ஒன்பது போன் என்று அவர் போகப் போகச் சிரிப்பு அடங்கிற்று. கேள்வி நேரத்தில் பின்வரிசைப் பெரிய மனிதர் ஒருவர் எழுந்து, "இவ்வளவு அடிப்படையான தவறை இந்த அனுபவத்தில் எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டார்.

"அனுபவம் இருந்ததாலதான் சார். மொத வருஷம் வந்திருந்தா அளந்திருப்பேன்" என்றார் டாக்டர். "உங்க கம்பத்துல என்ன கலர் டேப்?"

பெரிய மனிதர் உட்கார்ந்துவிட்டார். பச்சை என்று பக்கத்திலிருந்தவர் பிறகு சொன்னார்.

அடுத்த வாரம் முதல் முப்பத்தாறு பேருக்கும் ஸ்கேல் வைத்து மறுபடி அளவு. டெக்னீஷியன் கம்பத்திலிருந்து டேப்பைச் சுரண்டி எடுத்தார். பசை போகவில்லை, அந்த இடம் இன்னும் கையில் ஒட்டும். மாத்திரைக்குச் சாதகமாக ஒன்றும் மிஞ்சவில்லை என்பது அளக்க அளக்கத் தெரிந்தது. டாக்டர் அதையும் எழுதினார், வேலை செய்யாத மருந்தின் பட்டியலில் சேர்த்தார், அடுத்த மருந்தின் கோப்பைத் திறந்தார். இந்த முறை ஒப்பிடும் குழு இல்லாமல் ஆரம்பிப்பதில்லை என்று முதல் பக்கத்திலேயே எழுதி, தலைவரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார்.

முதலில் வந்து படுத்தவள் தபால்கார அம்மாதான். உட்கார்ந்த வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. அவளே கொண்டுபோய்க் கொடுத்த கடிதம், தாமதமாகவில்லை. டெக்னீஷியன் ஸ்கேலை வைத்தார், சென்சாரை இறக்கினார், மறுபடி ஸ்கேலை வைத்தார். திரையில் அலை எழுந்து விழுந்தது.

"எவ்வளவு?" என்றாள் அவள், கழுத்தை அசைக்காமல்.

"நாப்பத்தெட்டு."

"மொத தடவ?"

"நாப்பத்தொம்போது."

"அப்ப மாறவே இல்ல."

"மாறல. வேற ரெண்டு மருந்த ஒண்ணாக் குடுத்துப் பாக்கப் போறோம். அது உங்கள மாதிரி ஆளுங்களுக்கு வேலை செஞ்சிருக்கு, மெத்த இல்லாமலே."

அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டாள். ஆனால் விஷயம் அவளுக்கு வேறு.

"நான் சோம்பேறி இல்லன்னு அன்னிக்கு வாயால சொன்னீங்கள்ல?"

"ஆமா."

"அதையும் எழுதிக் குடுங்க. ஆபீசுக்கு இல்ல. வீட்டுல ஒருத்தரு இருக்காரு."

டெக்னீஷியன் திரையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார். குழாய் டாக்டர் கையுறையைக் கழற்றினார், ஆஸ்பத்திரி பேர் போட்ட தாளை எடுத்தார், எழுதினார்: 'இவருக்கு மூச்சு வாங்குவது உண்மை. அளந்து பார்த்தோம்.' கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, சீலை எடுத்து மையில் நன்றாக அழுத்திக் குத்தினார்.